பெரிய நன்னீர் மீன் தொட்டி: புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

இருநூறு லிட்டரும் அதற்கு மேலும் நீர் கொள்ளும் தொட்டியை முதன்முறையாக வைக்கப் போகிறவர்களும், அண்மையில் வைத்துவிட்டுத் திகைத்து நிற்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: இதுவரை மீன் வளர்த்ததில்லை. நான்கு அடித் தொட்டி வாங்க ஆசை. முதலில் சிறிய தொட்டியில் பழகிவிட்டுப் பிறகு பெரியதற்குப் போ என்கிறார்கள். சரிதானா ஐயா?

செலவையும் இடத்தையும் மட்டும் பார்த்தால் சரி. வளர்ப்பின் எளிமையைப் பார்த்தால், பெரிய தொட்டியே புதியவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. யாரும் கவனிக்காத ஒரு மூலையில் ஒரு மீன் இறந்து அழுகினால், இருபது லிட்டர் நீரில் அது மற்ற மீன்களையும் கொன்றுவிடக்கூடிய நஞ்சாகிறது; இருநூற்று நாற்பது லிட்டரில் அதே கழிவு பன்னிரண்டில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது. பகலிரவு வெப்பமாற்றமும் பெரிய நீர்த்திரளில் மெதுவாகவே நிகழ்வதால், தவறு நேர்ந்தாலும் அதைக் கண்டு திருத்த உங்களுக்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தைத்தான் சிறிய தொட்டி தருவதில்லை.

கேள்வி: எடை எவ்வளவு வரும்? மாடி வீட்டில் வைக்கலாமா?

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாலும் நீர் மட்டுமே 220 கிலோவுக்குக் குறையாது. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய ஐம்பது கிலோ, ஐந்து செ.மீ. உயரத்துக்குப் பரப்பும் சரளைக்கல் ஏறக்குறைய நாற்பது கிலோ, அதன் மேல் தாங்கியின் எடை என்று கூட்டினால் முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவும் அரைச் சதுர மீட்டர்ப் பரப்பில் இறங்குகிறது. மாடி என்றால், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தளத்தின் நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள்.

தாங்கியின் மேற்பரப்பை ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்த்து, பாதி அளவு நீர் நிரப்பிய பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள். சாய்வு தெரிந்தால் நீரை வடித்துவிட்டுத் தாங்கியின் கால்களுக்கு அடியில்தான் ஆப்பு வைக்க வேண்டும். கண்ணாடிக்கு நேர் அடியில் அட்டையோ மரத்துண்டோ செருகினால் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி, சில மாதங்கள் கழித்தேனும் விரிசல் விடும். வெயில் நேரடியாக விழும் சன்னலோரம் வேண்டாம்.

கேள்வி: தொட்டியை அமைத்து, ஃபில்டர் ஒரு நாள் ஓடினால் மீன் விடலாம் என்று கடையில் சொன்னார்கள். வேறு சிலர் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னவர்களை நம்புங்கள்.

மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனமும் மலமும் அழுகியும் அதுவே உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால் அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே நீர் மீனுக்குத் தாங்கக்கூடியதாகிறது. இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா செய்வதாகவே நெடுங்காலம் எழுதிவந்தார்கள்; நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு படிகளையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்பது 2015இல் தெரியவந்தது. இந்த நுண்ணுயிர்கள் எல்லாம் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் சரளைக்கல்லிலும் ஒட்டி வாழ்பவை. மிக மெதுவாகவே பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதே அந்தக் காத்திருப்பின் காரணம்.

மீன் இல்லாமலேயே இதைச் செய்வது நல்லது. வாசனைப்பொருளோ சோப்புப் பொருளோ கலவாத தூய அம்மோனியாக் கரைசலையோ அம்மோனியம் குளோரைடையோ, நீரில் லிட்டருக்கு 2 மி.கி. வரும்படி சேர்த்து, ஃபில்டரையும் காற்றுப் பம்பையும் நிறுத்தாமல் ஓட்டுங்கள். துளிச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும்; பின்னர் நைட்ரைட்டும் இறங்கும். சேர்த்த 2 மி.கி. அம்மோனியா இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் சுழியம் காட்டினால் தொட்டி தயார். அன்று நீரில் பெரும்பகுதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடத் தொடங்கலாம்.

கேள்வி: புட்டியில் விற்கும் பாக்டீரியாக் கரைசல் இந்தக் காலத்தைக் குறைக்குமா?

சில குறைக்கும்; நீண்ட நாள் வெப்பத்தில் கிடந்த புட்டி எதுவும் செய்யாது. எதை ஊற்றினாலும் மேலே சொன்ன சோதனையில் தேறியே ஆக வேண்டும். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அதற்கு ஈடான புட்டி இல்லை.

கேள்வி: எந்த ஃபில்டர் வாங்குவது? எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

இந்த அளவுத் தொட்டிக்கு, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வசதியானது. கூடவே ஒரு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். தொட்டி நீர் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை ஃபில்டர் வழியே சுற்ற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓட்ட அளவு, உள்ளே ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் போன்ற வடிபொருள் எதுவும் இல்லாதபோது எடுத்தது என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள்.

நீரோட்டம் குறைவது கண்ணுக்குத் தெரியும்போது கழுவினால் போதும். குழாயடியில் கழுவவே கூடாது; குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் காபி நிறத்தில் கசடு இறங்கும். நீரோட்டம் மீண்டுவிட்டால் அத்துடன் நிறுத்திவிடலாம். ஸ்பாஞ்ச் புதியது போல் வெளுக்கும்வரை கழுவுகிறவர்கள், ஆறு வாரம் காத்திருந்து வளர்த்ததைச் சாக்கடையில் விடுகிறார்கள். வடிபொருள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவவோ மாற்றவோ வேண்டாம்.

கேள்வி: குழாய் நீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடுமல்லவா? ஆழ்துளைக் கிணற்று நீர், ஆர்.ஓ. நீர் பயன்படுத்தலாமா?

குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினைக் கலந்து வழங்கும் இடங்களில் அது நாட்கணக்கில் நீரிலேயே நிற்கும் என்பதால், குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும். ஒரு நாள் காற்றுப் பம்ப் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். வெறும் ஆர்.ஓ. நீரில் மீனுக்கு வேண்டிய தாதுக்களும் இல்லை, பி.எச். (நீரின் அமில-காரத் தன்மை) அளவைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. குழாய் நீர் மிகக் கடினமாக இருந்தால் அதனுடன் கலந்துகொள்ள மட்டும் ஆர்.ஓ. நீர் உதவும்.

கேள்வி: நான்கு அடித் தொட்டியில் ஆஸ்கர் இரண்டு, ஷார்க் நான்கு, ஏஞ்சல் ஆறு, நியான் டெட்ரா இருபது, கண்ணாடியைச் சுத்தம் செய்யச் சக்கர் மீன் இரண்டு விடலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற கணக்குக்கு உட்பட்டே இருக்கிறது. சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கடையில் விரல் நீளம் இருப்பதை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆஸ்கர் முப்பது செ.மீ. வளரும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடிய ஆற்று மீன். அதற்கு வீட்டுத் தொட்டி எதுவும் போதாது. சக்கர் மீன் முப்பது முதல் நாற்பத்தைந்து செ.மீ. வரை வளர்ந்து, சுத்தம் செய்வதைவிடப் பல மடங்கு மலத்தைச் சேர்க்கும். வளர்ந்த ஏஞ்சல் நியான் டெட்ராவைத் தின்னும்.

அங்குலக் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஓர் அங்குல மீன்கள் பத்தும், பத்து அங்குல மீன் ஒன்றும் அந்தக் கணக்கில் சமம். உடல்வாகு ஒன்றே என்று கொண்டால் அந்த ஒரு மீனின் எடை, பத்துச் சிறு மீன்களின் மொத்த எடையைப் போல் நூறு மடங்கு. தீவனமும் கழிவும் எடையைப் பின்பற்றுபவை.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது இதுதான்: ஏஞ்சல்தான் வேண்டும் என்றால், சிறியதாக ஐந்தாறு வாங்கி, அவற்றின் வாயில் அடங்காத உயரமான உடல்வாகுள்ள டெட்ராக்கள் பதினைந்தும், அடியில் மேயக் கோரிடோரஸ் எட்டும் போதும். இணை சேர்ந்த ஏஞ்சல்கள் மற்றவற்றை விரட்டத் தொடங்கினால் பிரிக்க வேண்டிவரும். கோரிடோரஸுக்கு மென்மணல் தேவை; கூரான கற்களில் அதன் மீசை தேய்ந்துவிடும். டைகர் பார்ப் மட்டும் உடன் வேண்டாம், ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல், ஐந்தாறாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள்.

கேள்வி: மூன்றாம் நாளே நீர் பால் போல் கலங்கிவிட்டது. முழுவதையும் மாற்றவா?

வேண்டாம். அது நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம், தானே தெளியும். மீன் இருந்தால் தீவனத்தைக் குறைத்து, அம்மோனியாவை அளந்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்துவிட்டு விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறையச் செடி வைத்தால் ஃபில்டரே வேண்டாம் என்கிறார்களே?

பழைய ஆசை இது. 1850இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு சிறிய தங்கமீன்கள், வாலிஸ்னேரியாச் செடி, அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்து நீர் கெடாமல் காத்த சோதனையை வெளியிட்டார். மீன் குறைவாக இருக்கும்வரை அது நடக்கும். செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். ஆனால் இருட்டில் அவையும் மீன்களைப் போலவே ஆக்சிஜனை உட்கொள்கின்றன. புதியவர் செடியும் வைக்கட்டும், ஃபில்டரும் வைக்கட்டும்.

கேள்வி: தொலைவிலிருந்து பார்சலில் வந்த மீன்களைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பழக்கியும் இறந்துவிட்டன. ஏன்?

பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரமே காரணமாக இருக்கும். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குகிறது, அந்த நிலையில் அங்கே சேர்ந்துள்ள அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். ஏறும். 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்குதான், பி.எச். 8 என்றால் நூற்றில் ஐந்துக்கும் மேல். புதிய மீன்களுக்கெனத் தனியே வைத்திருக்கும் தனிமைத் தொட்டியில் பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்த உடனே வலையால் மீனை எடுத்து அதில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அனுப்பியவரின் நீரின் கடினத்தன்மையை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியின் நீரை அதற்கு நெருக்கமாக வைத்திருப்பதே சரியான ஏற்பாடு. புதிய மீன் எதுவும் முதல் மூன்று நான்கு வாரம் அந்தத் தனிமைத் தொட்டியில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: துடுப்புகளில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள். மருந்து போட்டு நான்காம் நாள் மறைந்தன. பத்தாம் நாள் இரு மடங்காக வந்துவிட்டன.

இது இக் எனப்படும் ஒட்டுண்ணி நோய். புள்ளியாகத் தெரியும் நிலையில் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருப்பதால் மருந்து அதைத் தொடாது. முதிர்ந்ததும் அது உதிர்ந்து அடித்தளத்தில் ஒட்டி, உறைக்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும்; மருந்து கொல்வது அந்த நீந்தும் நிலையை மட்டுமே. புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததன் அடையாளமாகாது. காற்றோட்டத்தைக் கூட்டி, உங்கள் மீன்கள் தாங்குமானால் வெப்பத்தை மெதுவாக 30 பாகைக்கு ஏற்றி, மருந்தை இரண்டு வாரம் தொடருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். செதிலற்ற மீன்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: மின்சாரம் நெடுநேரம் இல்லாவிட்டால்?

மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வைத்திருங்கள். அந்த நேரத்தில் தீவனம் போடாதீர்கள். மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும்; பல மணி நேரம் நின்றிருந்தால், அதிலுள்ள நீரைக் கொட்டி, வடிபொருளை அலசிய பிறகே மீண்டும் ஓட்டுங்கள். காற்றுப் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றதும் குழாய் வழியே நீர் பின்னோக்கி வரும். ஒருவழி வால்வு கட்டாயம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஆவியாகும் நீரை மட்டும் ஈடுசெய்கிறேன், மாற்றுவதே இல்லை. பழைய மீன்கள் நலமாக உள்ளன. புதிதாக விடுபவை மட்டும் இறக்கின்றன.

ஆவியாவது நீர் மட்டும். உப்புகளும் நைட்ரேட்டும் சேர்ந்துகொண்டே போகும். மேலும், அம்மோனியாவை மாற்றும் வினை நீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்ததும் பி.எச். சரிந்து, நுண்ணுயிர்களும் மந்தமாகி, அம்மோனியம் தேங்கும். பழைய மீன்கள் இதற்குள் படிப்படியாகப் பழகியவை. புதியவை ஒரே நாளில் விழுகின்றன. இப்போது அவசரப்பட்டுப் பாதி நீரை மாற்றினால் பி.எச். தாவி, தேங்கிய அம்மோனியம் நஞ்சாக மாறிப் பழையவையும் போய்விடும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், அம்மோனியாவை அளந்தபடி, இரண்டு மூன்று வாரம் மாற்றுங்கள். புதிய நீரின் பி.எச். அளவுக்குத் தொட்டி வந்த பிறகு, வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு என்ற வழக்கத்துக்குச் செல்லலாம். நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.க்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹீட்டரை முதலில் அணையுங்கள். நீர் இறங்கி வெளியே தெரியும் சூடான கண்ணாடிக் குழாய் வெடிக்கும்.

கேள்வி: சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா?

கூடாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன்கள் தொட்டிகளிலிருந்து வெளியேறிப் பல நாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பெருகி, கரைகளைத் துளையிட்டு, மீன்பிடி வலைகளையும் நாசம் செய்கின்றன. வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கேட்டுப் பாருங்கள். இடம் கிடைக்கும்வரை அதற்கு வெள்ளரி, சுரைக்காய்த் துண்டுகளும் ஒரு மரக்கட்டையும் கொடுத்து, வாரத்துக்கு இருமுறை நீர் மாற்றுங்கள்.