புயல் வருமுன் எல்லா விமானங்களையும் வேறு ஊருக்கு ஓட்டிச் சென்றுவிட முடியாதா?

புயல் வருவது நான்கைந்து நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும்போது, விமானங்களை வேறு ஊருக்கு ஓட்டிச் சென்றுவிட்டால் போதாதா, அதற்கு மேல் விமானிகள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டிச் செல்வதுதான் முதல் வழி. ஆனால் எல்லா விமானங்களுக்கும் அது வாய்ப்பதில்லை. கொடைக்கானல் மலையில் பூம்பாறையைச் சேர்ந்த நான், 2017-ல் ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது இர்மா சூறாவளி வந்தது. அங்கே என் கண்ணால் கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

இர்மா செப்டம்பர் 10-ஆம் நாள் ஃப்ளோரிடாவைத் தாக்கியது. அதற்கு மூன்று நாட்கள் முன்பே, பறக்கும் நிலையில் இருந்த பயிற்சி விமானங்களை ஆசிரியர்களும் மாணவர்களுமாக மேற்கே அலபாமா மாநிலத்துக்குக் கொண்டுசென்றோம். எங்கே போவது என்பதில்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. தொடக்கத்தில் புயல் கிழக்குக் கரையை ஒட்டி வரும் என்று கணிக்கப்பட்டதால் பலர் மேற்குக் கரைக்குச் சென்று தங்கினார்கள். பிறகு பாதை மேற்கே விலகி, புயல் அவர்கள் இருந்த பக்கமே வந்தது. ஆகவே கணிப்புப் படத்தில் உள்ள பாதைக் கோட்டை மட்டும் பார்க்காமல், புயலின் மையம் விலகிச் செல்லக்கூடிய பரப்பாக அதன் இருபுறமும் விரியும் கூம்பு முழுவதையும் தாண்டிப் போக வேண்டும். தாமதித்தால் பக்கக்காற்று வலுத்து, சிறு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவதே ஆபத்தாகிவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எங்கள் ஆசிரியர்களில் சிலர் மனைவி மக்களைப் புயல் வரும் ஊரிலேயே விட்டுவிட்டு விமானத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். அந்தப் பாரத்தை நான் எளிதாக எண்ணவில்லை.

எஞ்சின் கழற்றிய நிலையில், பழுதுபார்ப்பில் இருப்பவை எங்கும் போக முடியாது. 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி தாக்கியபோது, ஃப்ளோரிடாவின் டிண்டால் விமானப்படைத் தளத்தில் பறக்க இயலாத எஃப்-22 போர் விமானங்களைக் கொட்டகைகளுக்குள் விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கொட்டகைகளும் சேதமடைந்தன. கதவு ஒருமுறை பெயர்ந்துவிட்டால் உள்ளே புகும் காற்று கூரையைத் தள்ளித் தூக்கும் என்பதால், கொட்டகை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தைக் காற்று ஏன் தூக்குகிறது என்று தெரிந்தால் மற்ற ஆயத்தங்கள் தாமே விளங்கும். தான் முன்னே ஓடுகிறதா, காற்று தன்மேல் ஓடிவருகிறதா என்ற வேறுபாடு இறக்கைக்குக் கிடையாது. செஸ்னா 172 என்ற சிறு விமானம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழுகிறது. அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், ஆளில்லாமலே எழப் பார்க்கும். வேகம் இருமடங்கானால் தூக்கு விசை நான்கு மடங்காகும். இர்மா கரையேறிய இடத்தில் காற்று 200 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

அதனால், விட்டுச்சென்ற விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை நிரப்பினோம். ஒரு விமானத்துக்கு 210 லிட்டர், அது ஏறத்தாழ 150 கிலோ எடை. இரு இறக்கைகளையும் வாலையும் தரையில் புதைத்த வளையங்களோடு நைலான் கயிற்றால் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகளைப் பூட்டினோம். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இழுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம். விமானத்தின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துவது வழக்கம். ஆனால் புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்ப்புறத்திலிருந்து அடிக்கும், எனவே அது பாதிப் பாதுகாப்பே. எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளித்தது, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மேற்புறத்தில் நீளவாக்கில் மணல் மூட்டைகளை அடுக்கியதுதான். பாரத்துக்காக மட்டும் அப்படி அடுக்குவதில்லை. இறக்கைமேல் வழுவழுவென்று ஓடும் காற்றைக் குலைத்துவிட்டால் தூக்கு விசையே பெருமளவு குறைந்துவிடும்.

2018 நவம்பரில் நான் ஊரில் இருந்தபோது கஜா புயல் வந்தது. 15-ஆம் தேதி மாலை தகரக் கூரைமேல் மூட்டைகளை வைக்க ஏறினேன். நடுவில் அடுக்கத் தொடங்கிய என்னை அப்பா தடுத்து, காற்று முதலில் இறவாரத்தைத்தான் பிடித்துத் தூக்கும், தாத்தா காலத்திலிருந்து ஓரத்தில்தான் கல் வைப்போம் என்றார். விமானம் படித்த எனக்கு அது உடனே புரிந்தது. இறவாரம் முழுவதும் வைத்து முடித்தபோது மூட்டைகள் தீர்ந்துவிட்டன. மறுநாள் புயல் கடந்தபின் மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, மின்சாரம் இல்லை. வீட்டுக் கூரை அப்படியே இருந்தது. மூட்டை போதாமல் விட்டுவைத்த மாட்டுக் கொட்டகையின் தகரங்கள் இரண்டைப் பூண்டு வயலிலிருந்து எடுத்து வந்தோம்.