வானில் மோதிவிட்டால் கண் முதலில் போக வேண்டிய இடம்

கேள்வி: அரிசோனாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்த ஆண்டுதான் ஸ்கை டைவிங் கற்று, முதல் நிலை உரிமமான ‘ஏ’ லைசென்ஸ் வாங்கினேன். பத்து நாள் முன்பு என் 31-வது குதிப்பு. மூன்று பேர் கைகோத்து விழும் பயிற்சி. 5,500 அடி வாக்கில் நண்பர் ஒருவர் மேலிருந்து வேகமாக வந்து என் வலது தோளிலும் ஹெல்மெட்டிலும் இடித்துவிட்டார். நாலைந்து விநாடிதான் தடுமாறியதாக நினைத்தேன். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்தால் 3,200 அடி! உடனே பாராசூட்டைத் திறந்து நல்லபடியாக இறங்கிவிட்டேன். அன்று இரவு தலைவலி; கழுத்து வலி இன்னும் போகவில்லை. மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வது? எப்போது மீண்டும் குதிக்கலாம்? மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இன்றே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தலையில் அடிபட்டவருக்குத் தன் நிலைமை முழுதாகத் தெரிவதில்லை. பேச்சு குழறுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நேரம் கெட்ட நேரத்தில் தூங்கி வழிவது இதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். பத்து நாள் ஆகியும் கழுத்து வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். “லேசாக இடித்துக்கொண்டேன்” என்று சொல்லாதீர்கள். ஹெல்மெட்டோடு தலையில் அடி, அதன் பிறகு பாராசூட் திறக்கும்போது ஒரு குலுக்கல், அன்றிரவு தலைவலி. மூன்றையும் அதே வரிசையில் சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, கண்மணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிந்தாலோ, நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

ஹெல்மெட் போட்டிருந்தோமே என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மண்டை ஓடு உடையாமல் அது காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. அப்படிக் குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் விளைவு பல மடங்கு மோசமாகும். நம் விளையாட்டில் அந்த இரண்டாவது அடிக்கு யாரும் வந்து மோத வேண்டியதில்லை. பாராசூட் சற்று முரட்டுத்தனமாகத் திறந்தாலே போதும். அதனால் வலியும் தலைவலியும் அடியோடு போய், மருத்துவர் சரி என்று சொல்லும் வரை விமானத்தில் ஏறாதீர்கள்.

இனி வானத்தில் நடந்ததற்கு வருவோம். வயிறு தரையைப் பார்க்க விழும்போது நம் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 175 அடி. 5,500-லிருந்து 3,200-க்கு வர ஏறக்குறைய 13 விநாடி பிடிக்கும். உங்கள் மனக்கணக்கில் அது நாலைந்தாக இருந்திருக்கிறது. இது உங்கள் குறை இல்லை. அடிபட்ட மனதுக்குள் கடிகாரம் சரியாக ஓடாது. ஆனால், மோதலுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை இந்த 13 விநாடிக்குள்தான் இருக்கிறது. இடித்ததும் முதுகை வளைத்து உடம்பை நிலைப்படுத்துங்கள். அடுத்த கணம் கண் ஆல்டிமீட்டருக்குப் போக வேண்டும். எங்கே அடிபட்டது, இடித்தவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று எல்லாம் அதன் பிறகுதான். உடம்பு நிலைக்கு வராமல் உருண்டுகொண்டே இருந்தாலும் உயரத்தைப் பார்த்துவிட வேண்டும். யுஎஸ்பிஏ எனப்படும் அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி ‘ஏ’ லைசென்ஸ் உள்ளவர் 3,000 அடிக்குக் கீழே வரும் முன் மெயின் எனப்படும் முதன்மைப் பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். நீங்கள் அந்த விளிம்பில் நின்றிருக்கிறீர்கள்.

தலை சுற்றினாலோ, கண் மங்கினாலோ, கண்ணாடி கழன்று ஆல்டிமீட்டர் தெரியாவிட்டாலோ, 3,000 அடி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தலைக்கு நேர் மேலே ஆள் இல்லை என்று ஒரு பார்வை, கைகளை அகல அசைத்து ஒரு எச்சரிக்கை, உடனே திறந்துவிடுங்கள். உயரத்தில் திறந்தால் தூரமாய்ப் போய் ஏதாவது பருத்திக் காட்டில் இறங்குவீர்கள், அவ்வளவுதான். இன்னும் பத்து விநாடியில் நினைவு தப்பினாலும் தலைக்கு மேலே பாராசூட் விரிந்திருக்கும்.

வலது தோள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. ஏன் தெரியுமா? மெயினைத் திறக்கும் கைப்பிடி முதுகுப் பையின் அடியில், வலப்பக்கம் இருக்கிறது. தோள் மூட்டு விலகியிருந்தால் அந்தக் கை அங்கே போகாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய்த் தேடுகிறவர்கள் உயரத்தைத்தான் தொலைக்கிறார்கள். அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்தான் ரிசர்வ்; அதன் கைப்பிடி உங்கள் நெஞ்சில் இடப்பக்கம் இருக்கிறது. வலது கை வராவிட்டால் இடது கையால் நேராக அதை இழுங்கள். மெயின் வெளியே வராதபோது அதைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அடிபட்டது இடது கை என்றால், மெயினை வலது கையால் திறந்துவிடலாம், சிக்கல் தரையிறங்கும்போது வரும். பாராசூட்டைத் திருப்ப இரு பக்கமும் இருக்கும் பிடிகளை டாகிள் என்பார்கள். ஒரு பக்க டாகிளை மட்டும் இழுத்தால் கேனபி, அதாவது விரிந்த பாராசூட் துணி, அந்தப் பக்கமே சுழலும். இரண்டு டாகிளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள். முடியாவிட்டால் வளைக்காமல் நேராகப் பறந்து, பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டிவைத்து, முதல் நாள் வகுப்பில் உருளச் சொல்லித் தந்தார்களே, அப்படி விழுங்கள்.

இப்போது நீங்கள் இருக்கும் அரிசோனாவிலேயே, கூலிட்ஜ் என்ற சிற்றூரின் வானத்தில் 1987 ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூட்டாகக் குதித்த ஒரு பெண் இன்னொருவர் மீது மோதி நினைவிழந்து, பொம்மை போல விழுந்துகொண்டிருந்தார். மேலே இருந்த பயிற்சியாளர் கிரெகரி ராபர்ட்சன் அதைப் பார்த்தார். கைகளை உடம்போடு ஒட்டி, தலைகீழாகப் பாய்ந்து, சுமார் 3,500 அடியில் அவரை எட்டிப் பிடித்தார். அவருடைய பாராசூட்டைத் திறந்துவிட்ட பிறகுதான் தன்னுடையதைத் திறந்தார். மண்டையிலும் விலாவிலும் எலும்பு முறிந்திருந்தும் அந்தப் பெண் பிழைத்தார். எங்கள் தலைமுறைப் பயிற்சியாளர்கள் இதைச் சொல்லாமல் பாடம் முடிப்பதில்லை.

எல்லோருக்கும் அப்படி ஒரு ராபர்ட்சன் மேலே இருக்க மாட்டார். ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ் கருவி அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ், தரையிலிருந்து 750 அடியில் நீங்கள் இன்னும் மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வின் சுருக்குக் கயிற்றை வெட்டி அதைத் திறந்துவிடும். 750 அடி என்றால் தரைக்கு நாலு விநாடி தூரம்தான். அதை உங்கள் முதல் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அது இல்லாமல் யாரோடும் சேர்ந்து குதிக்கவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் விமானத்தில் ஏறும் முன் அதன் சின்னத் திரையைப் பார்த்து, ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் ஏன் இடித்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். 190 கிலோமீட்டரில் சேர்ந்து விழும் இரண்டு பேருக்கு ஒருவரைப் பொறுத்து மற்றவர் சும்மா மிதப்பது போலத்தான் இருக்கும். காயம் தருவது இருவருக்கும் நடுவே உள்ள வேக வித்தியாசம். மேலே இருப்பவர் “சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்” என்று சாய்ந்து பாய்ந்தால், பக்கத்தில் வந்தபின் நிறுத்த முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. விழுகிற ஒருவரின் முதுகுக்கு மேலே காற்று கலங்கிக் கிடக்கும். குதிக்கும் தளமான டிராப் ஸோனில் அதை பர்பிள் என்பார்கள். அதற்குள் புகுந்தவருக்குத் தாங்கிப் பிடிக்கக் காற்று இருக்காது. அப்படியே தொப்பென்று கீழே இருப்பவர் முதுகில் விழுவார். முதலில் தள்ளி நின்று அதே மட்டத்துக்கு இறங்கி, பிறகு கிடைமட்டமாக மெல்ல நெருங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கேமரா பதிவு இருந்தால் மூவரும் உட்கார்ந்து பாருங்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். 20, 30 குதிப்பில் எல்லோரும் செய்கிற தவறு அது. அடிபட்டவரைவிட இடித்தவர் அதிகமாய் உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் உங்களுக்கு நேரலாம். இருவருடைய பாராசூட்களும் விரிந்த பிறகு மோதிக்கொள்வது. எதிரெதிராக வரும் இரண்டு கேனபிகள் ஒவ்வொன்றும் மணிக்கு 40 கிலோமீட்டரில் பறந்தால், 100 மீட்டர் இடைவெளி நாலரை விநாடியில் கரைந்துவிடும். பொதுவாக இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். கீழே இருப்பவருக்குத்தான் வழி உரிமை. இந்த மோதல்கள் பெரும்பாலும் திறந்த சில விநாடிகளிலோ, 1,000 அடிக்குக் கீழே எல்லோரும் இறங்கக் கூடும்போதோதான் நடக்கின்றன.

எனக்கே ஒருமுறை அது நேர்ந்தது. திறந்து மூச்சு விடுவதற்குள் நண்பரின் கேனபி என் உடம்பின் மேல் வந்து சுற்றிக்கொண்டது. முகத்தில் நைலான் துணி ஈரப்பை போல ஒட்டியது. மூச்சை இழுத்தால் துணியும் வாய்க்குள் வந்தது. என் கேனபி மேலே பறக்கிறது. நண்பரின் முழுப் பாரமும் என் இடுப்பைச் சுற்றிய கயிறுகளில் தொங்குகிறது. துணியை முகத்திலிருந்து கீழே இழுத்ததும் ஆல்டிமீட்டர் தெரிந்தது: 2,600. ஹெல்மெட்டின் முகமூடியைத் தூக்கிவிட்டு அந்த எண்ணை உரக்கக் கத்தினேன். “கட் பண்ணட்டுமா?” என்று கீழிருந்து குரல் வந்தது. “இரு, இரு” என்றேன். என் ரிசர்வ் கைப்பிடியும் கழுத்தும் அவருடைய கயிறுகளுக்குள் இல்லை என்று தடவிப் பார்க்க இரண்டு விநாடி வேண்டியிருந்தது. பிறகு “போ” என்றேன். சட்டென்று பாரம் விட்டது. ஒரு கணம் கழித்துக் கீழே அவருடைய வெள்ளை ரிசர்வ் விரிந்தது. அவருடைய துணியைச் சுருட்டி மடியில் அணைத்துக்கொண்டு, ஒரு திருப்பமும் இல்லாமல் நேராக இறங்கினேன்.

கீழே இருந்தவர் கேட்காமல் கழற்றியிருந்து, என் கழுத்தில் ஒரு கயிறும் சிக்கியிருந்தால், அது சுருக்காகியிருக்கலாம். அதனால்தான் சிக்கிய இருவரும் எதையும் செய்யும் முன் பேசிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கட்அவே செய்ததும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஆர்எஸ்எல் பட்டை, பாராசூட்டை உடம்போடு பிணைக்கும் உங்கள் ஹார்னஸில் இருந்தால், உயரம் இருக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்கலின் நடுவிலேயே ரிசர்வ் விரிந்துவிடும். ‘ஏ’ லைசென்ஸ்காரர் கட்அவே முடிவை 2,500 அடிக்குள் எடுத்துவிட வேண்டும். சுமார் 1,000 அடிக்குக் கீழே போய்விட்டால் கட்அவே பேச்சுக்கே இடமில்லை. மேலே இருக்கும் துணி போதுமான அளவு தாங்கினால் இருவரும் அதிலேயே இறங்க வேண்டும், தாங்கவில்லை என்றால் கழற்றாமலேயே ரிசர்வைத் திறந்து துணியைக் கூட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்து மனம் கலங்க வேண்டாம். 2023-இல் அமெரிக்காவில் நடந்த சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். அதே ஆபத்து நம் வாசலுக்கு வந்துபோனால் அந்த எண் ஆறுதல் தராது என்பதும் எனக்குத் தெரியும். தூக்கத்தில் அந்த இடி திரும்ப வருகிறதா? கதவருகே போனதும் கை வியர்க்குமோ என்று தோன்றுகிறதா? அது இயல்பு. பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் அரிசோனாவிலேயே எலாய் என்ற ஊரில், கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. உடம்பு சரியான பிறகு அங்கே பத்து நிமிடம், ஒருவர் மெல்ல நெருங்கி வந்து உங்கள் கையைத் தொட்டு விலகும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். உயரம் பற்றிய பயம் இல்லாத இடத்தில், யாரோ பக்கத்தில் வருகிறார் என்ற பயத்தைத் தனியாகப் பிரித்துக் கரைக்கலாம். அதன் பிறகு வானத்தில் முதல் குதிப்பு பயிற்சியாளரோடு இருவர் மட்டும். மூவர் குதிப்புக்கு அவசரம் வேண்டாம்.

60 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால் ‘ஏ’ லைசென்ஸ்காரர் பயிற்சியாளர் மேற்பார்வையில் மறுபடி தொடங்க வேண்டும் என்பது யுஎஸ்பிஏவின் பரிந்துரை. அந்த 60-ஐத் தாண்டிவிடக் கூடாது என்று கழுத்து வலியோடு ஓடாதீர்கள். மேற்பார்வையில் குதிப்பது உங்களுக்கு நல்லதுதான். இதற்கிடையில் உங்கள் ஹார்னஸை ஒரு ரிக்கரிடம், அதாவது பாராசூட்டைச் சோதித்துப் பழுதுபார்ப்பவரிடம், கொடுத்து, இடி விழுந்த வலது தோள்பட்டைத் தையல், கைப்பிடிகள், ரிசர்வ் ஊசி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பிப் போகும் முதல் நாள், விமானத்துக்குப் போகும் முன் பயிற்சி ஹார்னஸில் தொங்கிக்கொண்டு ஒன்று செய்யுங்கள். வலது கையை உடம்போடு ஒட்டி அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். பயிற்சியாளர் “இடி” என்றதும் கண் திறந்து மணிக்கட்டில் உள்ள ஆல்டிமீட்டரைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லி, இடது கையால் ரிசர்வ் கைப்பிடியை இழுங்கள். பத்து முறை.