ரேடியேட்டர் சரி, ஷவர் மட்டும் சூடும் குளிருமாக: சென்சார்தானா?

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் குழாய்ச் சுடுநீருக்கும் சேர்த்து ஒரே கேஸ் கருவியாக இருப்பது காம்பி பாய்லர். அதில் ரேடியேட்டர் ஒழுங்காகச் சூடாகி, ஷவர் மட்டும் கொதிப்பும் குளிருமாக மாறினால் சுடுநீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் புதிதாக வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முன்மூடியே எரியறையையும் அடைக்கும் மாடலென்றால் கை வைக்காதீர்கள். பிரிட்டனில் அது கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான பதிவேடு) பதிவு பெற்றவர் வேலை.

பாய்லரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து சுடுநீர் வெளியேறும் பக்கம் இரண்டு ஒயர் பிளக்குடன் இருப்பதுதான் சென்சார். பிளக்கை உருவி, மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். பரவலான 10 கிலோ ஓம் வகை 25 டிகிரியில் 10, 50 டிகிரியில் சுமார் 3.6, 60 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம் காட்டும். வேறு வகைகளும் உண்டு, மேனுவலைப் பாருங்கள். ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ பெரும்பாலும் எரர் கோடு வந்துவிடும். தொல்லை தருவது அரைகுறைப் பழுதுதான்: ஓம் அளவு கூடிப்போனால், தண்ணீர் இன்னும் ஆறியிருக்கிறது என்று நினைத்து பாய்லர் மேலும் எரிக்கும். பிளக்கில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தால் பணத்தைச் சென்சாரில் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்சரில் உப்புப் படிந்தாலும் இதே கூத்துதான்: குழாயில் வெதுவெதுப்பு, ஃப்ளோ வெப்பநிலை (பாய்லருக்குள் சூடாகி வெளிவரும் நீரின் வெப்பம்) மட்டும் மளமளவென்று ஏறி பர்னர் அணைந்துவிடும்.

மாற்றுவதானால், சென்சார் தண்ணீரில் முங்கும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் குளிர்நீர் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து வடித்தபின் கழற்றி, புது வாஷரோடு பூட்டுங்கள்.