பேப்பரை எந்த இதழுக்கு அனுப்புவது?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். தலைமை ஆசிரியர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பது என் தலைப்பு. 18 தலைமை ஆசிரியர்களைப் பேட்டி எடுத்து முடித்துவிட்டேன். “சீக்கிரம் ரெண்டு பேப்பர் போட்டுடுங்க” என்கிறார் கைடு. ‘மூன்றே நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் 1,500 ரூபாய்’ என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியலும் இல்லாமல் போய்விட்டது. எதை நம்பி அனுப்புவது?

பதில்: டீச்சர், முதல் வேலையாக அந்த மூன்று நாள் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். ஒரு கட்டுரையை, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேராவது படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், இதைத்தான் மதிப்பாய்வு என்கிறோம். அவர்களும் நம்மைப் போல வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் சம்பளம் இல்லாமல் படிப்பவர்கள். அப்படி இருவரைப் பிடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் வெளியாகிறது என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் அந்த இதழின் கடைசி வெளியீட்டைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள். இறால் வளர்ப்பு, ஜிஎஸ்டி, சங்க இலக்கியத்தில் நெய்தல், கான்கிரீட்டின் வலிமை, நடுவில் ஆசிரியர் மன அழுத்தம் என்று எல்லாம் ஒரே இதழில் கிடக்கும். உங்கள் 18 பேட்டிகளைப் படித்து, இந்த இடம் சரியில்லை என்று சொல்லக்கூடியவர் அந்த ஆசிரியர் குழுவில் யார்? முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு எண் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஐஎஸ்எஸ்என் எண்ணும் தரச் சான்று கிடையாது, அது வெறும் அடையாள எண். இன்னொரு மோசடியும் நடக்கிறது. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலித் தளம் நடத்துகிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியாக எந்த இதழுக்கும் போகாதீர்கள். பதிப்பாளரின் தளத்திலிருந்தோ, ஆய்விதழ்களைத் தொகுத்துத் தரும் ஸ்கோபஸ் பட்டியலிலிருந்தோ தேடிப் போங்கள். ஹைதராபாத்தில் இயங்கி, ஆய்விதழ்கள் வெளியிட்ட ஓமிக்ஸ் குழுமம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகச் சொல்லி ஏமாற்றியது, கட்டணத்தை மறைத்தது ஆகியவைதான் குற்றச்சாட்டுகள். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கேர் பட்டியல். 2025 பிப்ரவரியில் யுஜிசி அதைக் கைவிட்டது உண்மைதான். இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடம் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம், 2022 நவம்பரில் வந்த யுஜிசி ஒழுங்குமுறையில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம். கைடு சொல்வது ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையை நீங்களே வாங்கி வரிவரியாகப் படித்துவிடுங்கள். எத்தனை பேப்பர், எப்படிப்பட்ட இதழில் என்பது அதில் இருக்கும். பாதி அவசரம் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

சரி, எந்த இதழ்? உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் நூற்பட்டியலை எடுத்து வையுங்கள். எந்த இதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அந்த இதழ்களில் இரண்டோ மூன்றோ எடுத்து, கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் சுருக்கங்களை எல்லாம் படியுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. பல்கலைக்கழக நூலகரிடம் உள்நுழையும் வழியைக் கேளுங்கள். பகுதிநேர மாணவர் என்று தயங்க வேண்டாம்.

கல்வி நிர்வாகம், தலைமைத்துவம் என்ற நம் துறையில் முக்கியமான இதழ்களைச் சொல்கிறேன். ‘எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன் குவார்ட்டர்லி’ பெரிய பெயர்தான், ஆனால் அதில் அமெரிக்கப் பள்ளி முதல்வர்களைப் பற்றிய விவாதமே அதிகம். 1963இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன்’ பல நாட்டு ஆய்வுகளையும் வரவேற்கும். பிரிட்டனின் கல்வித் தலைமைத்துவச் சங்கமான பெல்மாஸோடு சேர்ந்த ‘எஜுகேஷனல் மேனேஜ்மென்ட் அட்மினிஸ்ட்ரேஷன் அண்ட் லீடர்ஷிப்’ உங்களுக்கு இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆசியாவிலிருந்து வந்த தலைமைத்துவ ஆய்வுகளைப் பற்றி ஹாலிங்கர், சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் அதில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்டு இதழ்களை அலசிப் பார்த்ததில், ஹாங்காங் போன்ற சில இடங்களிலிருந்தே கட்டுரைகள் குவிந்திருந்தன. அதைக் கட்டாயம் படியுங்கள். உங்கள் ஆய்வு ஏன் தேவை என்பதற்கான காரணம் அதில் இருக்கிறது. காமன்வெல்த் கல்வி நிர்வாக அமைப்பின் ‘இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் இன் எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன்’ இதழையும் பாருங்கள். உள்நாட்டில் டெல்லியின் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் (நீபா) வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் பிளானிங் அண்ட் அட்மினிஸ்ட்ரேஷன்’ இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன என்று அதன் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் கட்டுரையை அங்கே அனுப்புங்கள் என்பேன்.

வெளிநாட்டு இதழ் என்றால் விளக்கித்தான் ஆக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மான்செஸ்டரில் இருப்பவருக்கு இது புதிய செய்தி. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்கிறார் என்றால், அந்தக் காட்சிதான் உங்கள் கட்டுரையின் உயிர்.

இதை எழுதும்போது எனக்கு ஆதங்கமாகவும் இருக்கிறது. கைடாக இருந்த காலத்தில் நான் படித்த எத்தனையோ ஆய்வேடுகள் ஒரே அச்சு: ‘ஆண், பெண் தலைமை ஆசிரியர்களிடையே தலைமைப் பண்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, கிராமம், நகரம் வேறுபாடு இல்லை, அரசு, தனியார் வேறுபாடு இல்லை.’ கேள்வித்தாள் கொடுத்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டு, அட்டவணை நிரப்பி முடித்துவிடுவார்கள். நல்ல இதழின் ஆசிரியர் இதை மதிப்பாய்வுக்கே அனுப்பமாட்டார். நீங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். அதை அட்டவணையாக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் பணம். சந்தா முறையில் நடக்கும் நல்ல இதழ்கள் கட்டுரையாளரிடம் பணம் கேட்பதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ‘திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கும் முறை) வேண்டுமா’ என்று ஒரு படிவம் வரும், அதில் பெரிய தொகை போட்டிருக்கும். அது விருப்பத் தேர்வுதான். வேண்டாம் என்று குறித்தாலும் கட்டுரை வெளியாகும். கட்டணமே இல்லாத திறந்த இதழ்களும் இருக்கின்றன, திறந்த இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் அவற்றைத் தனியாக வடிகட்டித் தேடலாம். ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் ஆய்வேட்டுத் தேதியைத் திட்டமிட வேண்டும்.

கேள்வி: கல்வித் தலைமைத்துவம் பற்றித் தமிழில் எழுதினால் மதிப்பில்லையா? – எம்.எட். மாணவர், தஞ்சாவூர்

பதில்: வேலைக்கான மதிப்பெண் கணக்கில் குறைவாக வரலாம் தம்பி, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் ஆய்வு முடிவை வைத்து வேலை செய்ய வேண்டிய தலைமை ஆசிரியர் படிப்பது தமிழில்தான். ஆங்கிலக் கட்டுரை வெளியான பிறகு, அதையே வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், பேட்டி கொடுத்தவர்களுக்குச் சொல்வதுபோல் நான்கு பக்கம் தனியாக எழுதுங்கள். ஆய்வு முதலில் எந்த இதழில் வந்தது என்று அடியில் குறிப்பிட்டு, ஆசிரியர் சங்க இதழ் ஒன்றுக்கு அனுப்புங்கள். பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேரட்டும்.