ஈசாக்கா, இஸ்மாயீலா?

கேள்வி: நாங்கள் கல்முனையில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ராத்தா குர்பான் இறைச்சி அனுப்பியிருந்தார். "இப்ராஹீம் நபி தன்ட மகன் இஸ்மாயீல அறுக்கப் போன நினைவுக்குத்தான் இது" என்று அவருடைய மகள் சொல்ல, ஏழாம் தரத்தில் படிக்கும் என் மகள் "இல்லை, ஈசாக்கைத்தான்" என்று சண்டை பிடித்துவிட்டாள். நாலு நாளாகப் பேச்சில்லை. யார் சொன்னது சரி, அக்கா?

பதில்: அன்பான தங்கச்சி, இரண்டு பிள்ளைகளும் தாங்கள் படித்ததைப் பிழையில்லாமல்தான் சொல்லியிருக்கிறார்கள். சமய பாடம் வந்தால் வேறு வேறு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள். மற்றவளின் வேதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நம் பைபிளின் முதல் நூலான தொடக்க நூலின் 22ஆம் அதிகாரத்தில், ஆபிரகாம் (அவர்களுக்கு இப்ராஹீம் நபி) பலியிடப் போன மகன் ஈசாக்கு என்று பெயரே இருக்கிறது. அது முதலில் யூதர்களின் வேதமான தோரா. அவர்கள் தங்கள் புத்தாண்டில் அந்தப் பகுதியை வாசித்து, ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடாவின் நினைவாகக் கொம்பு ஊதுகிறார்கள். விறகு சுமந்து மலையேறிய ஈசாக்கில் நாம் சிலுவை சுமந்த இயேசுவைக் காண்கிறோம். குர்ஆனின் 37ஆவது அத்தியாயத்திலும் இதே கதைதான். அங்கே தகப்பன் தன் கனவைச் சொல்லி மகனிடமே கேட்கிறார், மகனும் சம்மதிக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் மகனின் பெயர் அதில் இல்லை. ஆரம்ப கால முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. 923இல் காலமான குர்ஆன் விரிவுரையாளர் தபரீ, இஸ்ஹாக் (நம் ஈசாக்கு) என்றே எழுதினார். பிற்காலத்தில் இஸ்மாயீல் என்பதே நிலைத்தது. பலிக் கதை முடிந்த பிறகுதான் குர்ஆனில் இஸ்ஹாக் பிறப்பார் என்ற நற்செய்தி வருகிறது என்பது அவர்களின் வாதம். தொடக்க நூல் 'ஒரே மகன்' என்கிறதே, ஈசாக்கு பிறந்தபோது இஸ்மயேலுக்குப் பதினான்கு வயதல்லவா என்றும் கேட்பார்கள். சாராளிடம் பிறந்த வாக்குறுதியின் மகன் ஈசாக்கு ஒருவன்தான் என்பது நம் பதில்.

இதைக் கேட்டுவிட்டு "எல்லாச் சமயமும் ஒன்றுதான் மகள்" என்று மட்டும் சொல்லி மழுப்பிவிடாதீர்கள். மூசா நபிதான் மோசே, தாவூத் நபிதான் தாவீது, ஜிப்ரீல்தான் கபிரியேல், எல்லாம் உண்மை. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் மர்யம், நம் மாதா. ஈஸா நபி கன்னியிடம் பிறந்தார், அவர் மெசியா என்பதையும் ராத்தா நம்புகிறார். ஆனால் இயேசு இறைமகன் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் குர்ஆன் மறுக்கிறது. நமக்கோ விசுவாசமே அதில்தான் நிற்கிறது. யூதர்களுக்கு மெசியா இனிமேல்தான் வரவேண்டும். கடவுளின் ஒருமை, விருத்தசேதனம், பன்றி இறைச்சி விலக்கு என்று பார்த்தால் யூதரும் முஸ்லிம்களும்தான் ஒருவருக்கொருவர் கிட்ட நிற்கிறார்கள்.

2019இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததிலிருந்து நம் பக்கத்தில் இந்தக் கேள்விகளை வாயில் எடுக்கவே பலருக்குப் பயம். உங்கள் மகள் கேட்டுவிட்டாள். அதை அடக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்றிரவு மகளோடு இருந்து தொடக்க நூல் 25:9ஐ வாசியுங்கள். ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மயேலும் சேர்ந்தே தகப்பனை மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள் என்று அங்கே இருக்கிறது. ராத்தாவின் பாத்திரம் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். வெறுமையாக அனுப்பாமல் கொஞ்சம் பயற்றம் பணியாரம் வைத்து மகளிடமே கொடுத்துவிடுங்கள். வரும்போது அந்த 37ஆவது அத்தியாயத்தின் தமிழாக்கத்தை அந்தப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி வரட்டும்.