கார்டு கடனை அடைப்பதா, ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பதா?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 40, தனியார் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது 58,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் டியூவாக (கட்டாயம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 7,000 கட்டுகிறார். 14 சதவீத வட்டியில் ஒரு பர்சனல் லோனும் ஓடுகிறது. இதற்கு நடுவில் ஓய்வுக்காலத்துக்கு என்று ஓராண்டாக மாதம் 8,000 எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் செய்யும் முதலீடு) போட்டு வருகிறார். எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதா, இல்லை பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை ஒரேயடியாக முடிப்பதா என்பது கேள்வி.

பி.எஃப்.பில் கை வைக்காதீர்கள். எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே நிறுத்திவிட்டு அந்த 8,000-ஐயும் கார்டுக்குக் கட்டுங்கள்.

கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வட்டி என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (பல கார்டுகளில் இதையொட்டித்தான் இருக்கும்) 1,40,000-க்கு வட்டி 4,900, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 882, ஆக மொத்தம் 5,782. நீங்கள் கஷ்டப்பட்டுக் கட்டுகிற 7,000-இல் அசலில் கழிவது வெறும் 1,218 ரூபாய். ஆண்டுக் கணக்கில் இது 42 சதவீதம், ஜி.எஸ்.டி. தனி. வருடா வருடம் இதைத் தாண்டி லாபம் தரும் ஃபண்ட் எதுவும் கிடையாது, இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதே 7,000-ஐ மாறாமல் கட்டினால் கடன் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். 15,000 கட்டினால் சுமார் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதுவரை கார்டைத் தேய்க்கவே கூடாது, ஏனென்றால் பாக்கி நிற்கும்போது வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது, இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

வீட்டில் நகை இருந்தால் இன்னும் சுலபம். வங்கி நகைக்கடன் 10 சதவீத அளவில் கிடைத்தால், 1,40,000-க்கு முதல் மாத வட்டி 1,200-க்குள் அடங்கிவிடும். அதை வாங்கிக் கார்டை முழுசாக அடைத்துவிட்டு, அதே 15,000-ஐ நகைக்கடனுக்குக் கட்டினால் பத்து மாதத்தில் நகையை மீட்டுவிடலாம். ஆனால் கார்டு காலியானதும் மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும், தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். அந்தக் கட்டுப்பாடு இருக்கும் என்றால் மட்டும் செய்யுங்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டு.

சரி, பி.எஃப். ஏன் வேண்டாம்? 2024-25-க்கு அதற்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம், கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் எடுத்துக் கட்டுவதுதான் லாபம் போலத் தெரியும். கணக்குப்படி அது சரியும்கூட. ஆனால் 58 வயதுக்கு உங்களுக்கு இன்னும் 18 வருடம்தான் இருக்கிறது, அப்படி எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பி.எஃப்.பைத் தொடாமலே ஒரு வருடத்தில் தீரக்கூடிய கடன் இது. சம்பளத்தில் பிடிப்பதும் கம்பெனி போடுவதும் அது பாட்டுக்கு நடக்கட்டும், விருப்பப் பி.எஃப். என்று கூடுதலாகப் போடுவது மட்டும் இப்போது வேண்டாம்.

எஸ்.ஐ.பி.யில் இதுவரை சேர்ந்திருப்பதையும் விற்கச் சொல்ல மாட்டேன். உங்களிடம் அவசரத்துக்கு என்று வேறு பணம் இல்லை. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் திரும்பக் கார்டைத்தான் எடுப்பீர்கள், அதைத் தடுக்க அது இருக்கட்டும்.

கார்டு முடிந்த பிறகு அந்த 15,000-ஐ இரண்டாகப் பிரியுங்கள். 8,000 பழையபடி எஸ்.ஐ.பி.க்கு, மீதி 7,000 பர்சனல் லோனுக்கு. 14 சதவீதம் அதிக வட்டிதான், ஆனால் அதற்காக ஓய்வுக்காலச் சேமிப்பை இன்னும் சில வருடம் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. கூடுதலாகக் கட்டுவதற்கு முன்னால் லோன் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். நிலையான வட்டி லோன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்குச் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும், பகுதிப் பணத்தை வாங்கவே மாட்டோம் என்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் அந்த 7,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள், மொத்தமாக அடைக்கும் அளவுக்குச் சேர்ந்ததும், கட்டணம் போக வட்டியில் மிச்சமாகுமா என்று பார்த்துவிட்டு முடித்துவிடலாம்.