வைத்தியம் தூக்கத்துக்கு, உங்களுக்கு அல்ல

கேள்வி: வயது 28. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் அம்மாவோடு இருக்கிறேன், ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு, சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மா பெண் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து தூக்கம் போச்சு, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை. இங்குள்ள கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) எங்கள் சொந்தம். டாக்டரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமா? போலீஸ் கேஸ் ஆகுமா? என்னை மாற்றப் பார்ப்பார்களா? - பெயர் வேண்டாம், பேராக், மலேசியா

பதில்: தம்பி, உங்கள் ஈர்ப்பு நோய் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மாத்திரையோ ஜெபமோ மந்திரித்த கயிறோ யார் கொடுத்தாலும், அவர் வெள்ளைக் கோட்டு போட்டவராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். வைத்தியம் வேண்டியது தூக்கத்துக்கும் படபடப்புக்கும்.

சொந்தக்கார மிஸ்ஸி இருக்கிற கிளினிக்குக்குத்தான் போகணுமா என்ன? லீவு நாளில் ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ போங்கள், அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, மனசு சரியில்லை, இது எப்போதிலிருந்து என்று சொன்னால் போதும், மற்றதை முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க என்று கிண்டல் பண்ணிப் பண்ணியே நம் ஆட்கள் எத்தனையோ பேரை டாக்டர் பக்கமே போகவிடாமல் செய்துவிட்டார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். மனநல டாக்டரைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

போலீஸ் பயம் புரிகிறது. நம் குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு உடலுறவுச் செயலைப் பற்றியது, எனக்கு இப்படி ஈர்ப்பு இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது அதில் வராது.

கவுன்சலரிடம் பேச ஆசைப்பட்டால், 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பெயருக்குப் பின்னால் K.B., P.A. (பதிவு பெற்ற கவுன்சலர், தொழில் சான்றிதழ் உள்ளவர்) என்று போட்டிருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு, உங்கள் பெயரைச் சொல்லாமல், "ஆண் மீது ஈர்ப்புள்ள ஆண் ஒருவர் வந்தால் எப்படிப் பார்ப்பீர்கள், நான் சொல்வது யாருக்காவது போகுமா?" என்று நேராகவே கேளுங்கள். "முயற்சி பண்ணினால் மாறலாம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள். கோலாலம்பூரில் 1987-லிருந்து இயங்கும் PT ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். வீடியோவில் பேசுகிற கவுன்சலர்களும் இருக்கிறார்கள், வீட்டில் அம்மா காதில் விழும் என்றால் காரை எங்காவது நிழலில் நிறுத்திப் பேசுங்கள்.

செத்துப்போனால் தேவலை என்று எப்போதாவது தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனம் விட்டுப் பேசுவதற்கான உதவி எண் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தற்கொலை முயற்சி 2023-லிருந்து இந்த நாட்டில் குற்றம் இல்லை, அதனால் உண்மையைச் சொல்லப் பயம் வேண்டாம்.

அம்மா விஷயம். அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள், வருகிற பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. எல்லாவற்றையும் இப்போதே அம்மாவிடம் சொல்லணும் என்றும் இல்லை. "உடம்பு சரியில்லைம்மா, டாக்டரைப் பார்க்கிறேன், இந்தப் பேச்சு கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். தூக்கம் திரும்பிய பிறகு மறுபடியும் எழுதுங்கள், அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று யோசிப்போம்.